“லார்ஜ்” என்ற ஆங்கிலச் சொல்: பொருளும் பிறப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சட்டையின் கழுத்துப் பட்டியில், முட்டை அட்டையின் மேல், அறிவியல் கருவிகளின் பெயரில் என நாள்தோறும் கண்ணில் படும் சொல் “லார்ஜ்”. “பெரிய” என்று தமிழில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனால் அந்தச் சொல் பிறந்தபோது அதற்கு அளவோடு தொடர்பே இல்லை. அந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ளாவிட்டால், ஆங்கிலத்தில் அது இடம்பெறும் பல தொடர்கள் புதிராகவே நின்றுவிடும்.

“லார்ஜ்” என்பதன் முதற்பொருள் என்ன?

கைந்நிறையக் கொடுப்பவன், வள்ளல். இலத்தீன் மொழியில் “லார்குஸ்” என்றால் ஏராளமான, தாராளமான, வாரி வழங்குகிற என்று பொருள். அதன் பெண்பால் வடிவம் “லார்கா”. அது பழைய பிரெஞ்சு மொழியில் “லார்ஜ்” ஆயிற்று. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் கூட்டங்கூட்டமாகப் புகுந்தன. 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியை ஒட்டி இச்சொல்லும் அவற்றோடு வந்து சேர்ந்தது. அன்றைய ஆங்கிலத்தில் ஒருவரை “லார்ஜ்” என்று சொன்னால், அவர் உடல் பருத்தவர் என்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். கொடைக்குணம் உள்ளவர் என்றே கொண்டிருப்பார்கள். அளவுக்கு மீறிச் செலவழிக்கும் ஊதாரி என்ற பழிப்புப் பொருளிலும் அது வழங்கியது.

கொடைக்குணம் எப்படி உருவ அளவாக மாறியது?

இந்த மாற்றத்தை ஆங்கிலம் பேசுவோருக்கு விளக்குவதைவிடத் தமிழருக்கு விளக்குவது எளிது. நம்மிடம் “தாராளம்” என்ற சொல் இருக்கிறது. “அவருக்குத் தாராள மனம்” என்கிறோம், அது கொடைக்குணம். “பத்துப் பேர் தாராளமாக உட்காரலாம்” என்கிறோம். அது இடத்தின் அகலம். “தாராளமாக வாருங்கள்” என்கிறோம், அது தடையின்மை. ஒரே சொல்லை மூன்று இடத்திலும் தயக்கமின்றி ஆளுகிறோம். மூன்றுக்கும் அடியில் உள்ள எண்ணம் ஒன்றுதான்: நெருக்கடி இல்லாமை, கணக்குப் பார்த்துக் குறுக்காமை.

“லார்ஜ்” சென்ற பாதையும் இதுவே. வாரி வழங்கும் கை என்பதிலிருந்து வாரி வழங்கப்பட்ட பொருளின் மிகுதிக்கும், மிகுதியிலிருந்து இட விரிவுக்கும் அகலத்துக்கும், அங்கிருந்து 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் பொதுவான உருவ அளவுக்கும் அது நகர்ந்தது. பிறகு கொடைப்பொருள் மெல்ல மங்கி, இறுதியில் வந்த அளவுப்பொருளே வீட்டுக்காரனாகிவிட்டது. ஆனால் பழைய குடியிருப்பாளர்கள் முற்றிலும் வெளியேறிவிடவில்லை. “விடுதலை” என்ற பொருளும் “அகலம்” என்ற பொருளும் சில நிலைத்த தொடர்களில் இன்றும் ஒண்டிக்கொண்டிருக்கின்றன. கீழே வரும் பல கேள்விகள் அவற்றைப் பற்றியவைதாம்.

இத்தாலிய “லார்கோ”வில் “க” ஒலி இருக்க, ஆங்கிலத்தில் மட்டும் “ஜ” ஒலி ஏன்?

இலத்தீன் சொல் பிரெஞ்சாக உருமாறிய காலத்தில், “அ” என்ற உயிருக்கு முன் நின்ற “க” ஒலி (தங்கம் என்பதில் வரும் மெல்லொலி) “ஜ”வாகத் திரிந்தது. கால் என்று பொருள்படும் “காம்பா” பிரெஞ்சில் “ழாம்ப்” ஆனதும் இவ்வகைத் திரிபே. ஆண்பால் வடிவத்தில் அத்தகைய உயிர் இல்லாததால் அங்கே “ஜ” தோன்றியிருக்க வாய்ப்பில்லை. பெண்பால் வடிவமே பின்னர் இருபாலுக்கும் பொதுவாகி நிலைத்தது. பிரெஞ்சுக்காரர்கள் பிற்காலத்தில் அந்த ஒலியை மேலும் மென்மையாக்கிக்கொண்டார்கள். ஆங்கிலமோ, தான் கடன் வாங்கிய காலத்து “ஜ”வை அப்படியே பாதுகாத்து வருகிறது. ஒரு வகையில் பார்த்தால், இடைக்காலப் பிரெஞ்சின் உச்சரிப்பைக் கேட்க விரும்புபவர் இன்று பாரிஸுக்குப் போவதைவிட லண்டனுக்குப் போவது மேல்.

மற்ற ஐரோப்பிய மொழிகளிலும் இதற்கு “பெரிய” என்றுதான் பொருளா?

இல்லை, இங்கேதான் மொழிபெயர்ப்பாளர்கள் வழுக்கி விழுகிறார்கள். பிரெஞ்சில் “லார்ஜ்” என்றால் அகலமான என்று பொருள். பெரிய என்று சொல்ல அவர்கள் “கிராண்ட்” என்ற சொல்லின் பிரெஞ்சு வடிவத்தையே ஆளுகிறார்கள். இத்தாலிய, போர்த்துக்கீசிய “லார்கோ”வும், ருமேனிய “லார்க்”கும் அகலத்தையே குறிக்கின்றன. ஸ்பானிய மொழியில் மட்டும் கதை திரும்பிவிடுகிறது: அங்கே “லார்கோ” என்றால் நீளமான என்று பொருள். ஒரே தாய்ச்சொல், ஒரு வீட்டில் அகலம், அடுத்த வீட்டில் நீளம், கடல் தாண்டினால் பருமன்.

அமெரிக்காவின் ஃபுளோரிடா கடற்கரையை ஒட்டி “கீ லார்கோ” என்ற தீவு இருக்கிறது. ஆங்கிலச் செவிக்கு அது “பெரிய தீவு” போலத் தோன்றும். உண்மையில் அது ஸ்பானியப் பெயரின் மரூஉ. “நீளத் தீவு” என்பதே பொருள். வரைபடத்தில் அதன் ஒடுங்கிய நெடிய வடிவத்தைப் பார்த்தால் பெயரிட்டவர் சொன்னது சரிதான் என்று புரியும்.

இசையில் “லார்கோ” என்று எழுதினால் மிக மெதுவாக வாசிக்க வேண்டும் என்பது பொருள். இது இத்தாலிய அகலம். அவசரமில்லாமல் அகலக் கால் எடுத்து வைக்கும் நடை. இந்த இடத்தில் ஒரு வேடிக்கை உண்டு. “ஹாண்டலின் லார்கோ” என்று உலகெங்கும் அறியப்படும் மெட்டு, 1738-இல் அவர் இயற்றிய “செர்சே” என்ற இசை நாடகத்தில் வருவது. மூலத்தில் அதற்கு இடப்பட்ட குறிப்பு லார்கோ அன்று, சற்றே விரைவான “லார்கெட்டோ”.

தப்பியோடிய கைதியை “அட் லார்ஜ்” என்று ஏன் சொல்கிறார்கள்?

சொல்லின் விடுதலைப் பொருள் இங்கே உயிரோடு இருக்கிறது. நெருக்கடியான இடத்தில் அடைபட்டவன் தாராளமான வெளிக்கு வந்துவிட்டான் என்பதே கருத்து. 14-ஆம் நூற்றாண்டிலிருந்தே “அட் லார்ஜ்” என்பது கட்டற்று இருத்தலைக் குறித்து வருகிறது. எனவே அதனைத் தமிழில் “தலைமறைவாக உள்ளார்” என்றோ “இன்னும் பிடிபடவில்லை” என்றோ எழுதலாம். “தலைமறைவு” என்பதில் ஒளிதல் என்ற கூடுதல் கருத்து இருக்கிறது. ஆங்கிலத் தொடரில் அது கிடையாது. ஒளியாமல் நடமாடும் மதயானையும் அட் லார்ஜ்தான். ஆகவே, “பிடிபடவில்லை” என்பதையே நான் விரும்புவேன்.

இதே தொடர் வேறு பல இடங்களிலும் வருகிறது. குறிப்பிட்ட ஒரு நாட்டுக்கென நியமிக்கப்படாமல் பொதுவான பொறுப்பில் இருக்கும் தூதர் “அம்பாசடர் அட் லார்ஜ்”. அமெரிக்காவில் ஒரு மாநிலத்துக்கு நாடாளுமன்றக் கீழவையில் ஒரே ஓர் இடம் மட்டும் இருந்தால், முழு மாநிலமும் ஒரே தொகுதியாகக் கொள்ளப்படுகிறது. அது “அட் லார்ஜ்” தொகுதி எனப்படும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின் அலாஸ்கா, டெலவேர், வடக்கு டகோட்டா, தெற்கு டகோட்டா, வெர்மான்ட், வயோமிங் ஆகிய ஆறு மாநிலங்கள் இந்நிலையில் உள்ளன. எல்லைக்கோடு போட்டுக் குறுக்கவில்லை என்பதுதான் தூதருக்கும் தொகுதிக்கும் கைதிக்கும் பொதுவான செய்தி. “சொசைட்டி அட் லார்ஜ்” என்றால் பெரிய சமுதாயம் அன்று, சமுதாயம் முழுவதும். சட்டங்களைச் சுருக்காமல் முழுமையாக அச்சிட்ட தொகுப்புகளுக்கு “ஸ்டாட்யூட்ஸ் அட் லார்ஜ்” என்று பெயரிட்டதும் இந்தக் கருத்தில்தான்.

“என்லார்ஜ்” என்பதற்கும் விடுதலைக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. இன்று ஒளிப்படத்தைப் பெரிதாக்குவதற்குப் பயன்படும் இச்சொல், முன்னர் சிறையிலிருந்து ஒருவரை விடுவிப்பதையும் குறித்தது. சில நாடுகளின் நீதிமன்ற ஆணைகளில் “பிணையில் என்லார்ஜ் செய்யப்படுகிறார்” என்ற ஆங்கிலத் தொடர் இன்றும் வழங்குகிறது. முதன்முறை படிப்பவர் அது அச்சுப்பிழையோ என்று திகைப்பார்.

1611-இல் வெளியான ஆங்கில விவிலியத்தில் 4-ஆம் சங்கீதத்தின் முதல் வசனம், துன்பத்தில் இருந்தபோது கடவுள் தன்னை “என்லார்ஜ்” செய்ததாகப் பாடுகிறது. 118-ஆம் சங்கீதம் தன்னை ஒரு “லார்ஜ்” இடத்தில் வைத்ததாகச் சொல்கிறது. தமிழ் விவிலியம் இவ்விரண்டு இடங்களிலும் எடுத்தாள்வது “விசாலம்” என்ற சொல்லை. அதற்கு எதிராக நிற்கும் சொல் “நெருக்கம்”. நெருக்கத்திலிருந்து விசாலத்துக்கு என்ற இந்த இணை, ஆங்கிலச் சொல்லின் பழம்பொருளை எந்த அகராதியும் காட்டாத தெளிவுடன் காட்டுகிறது. “பெரிய இடம்” என்று மொழிபெயர்த்திருந்தால் பாட்டின் உயிரே போயிருக்கும்.

“லார்ஜஸ்” என்பதும் இதே குடும்பமா?

ஆம், முதற்பொருளை மாறாமல் காத்து நிற்கும் பிள்ளை அதுதான். வெகுமதி, வாரி வழங்கல் என்று பொருள். இடைக்கால ஐரோப்பாவில் வீரப் போட்டிகளின்போது கட்டியக்காரர்கள் பரிசு வேண்டி இச்சொல்லை உரக்கக் கூவினார்கள். பிற்கால உரோமப் பேரரசில் கருவூலத்தைக் கவனித்த உயர் அதிகாரியின் பதவிப் பெயரே “திருக்கொடைகளின் கோமான்” என்ற பொருள் தருவது. அதில் இடம்பெறும் “லார்கிட்சியோ” என்ற சொல் இதே வேரைச் சேர்ந்தது. அதற்கு முந்தைய உரோமக் குடியரசில் அதே சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருந்தது: வாக்குக்காகக் கொடுக்கும் கையூட்டு.

“பை அண்ட் லார்ஜ்” என்ற தொடர் எங்கிருந்து வந்தது?

பாய்மரக் கப்பலிலிருந்து. 17-ஆம் நூற்றாண்டுக் கடலோடிகளின் பேச்சில் “பை” என்பது, காற்று வரும் திசையை நோக்கி முடிந்தவரை நெருங்கிச் செல்வது. பாயை இறுக்கிக் கட்டி, சுக்கானில் கவனம் சிதறாமல் நகர வேண்டிய கடினமான ஓட்டம். “லார்ஜ்” என்பது, காற்று பின்பக்கவாட்டிலிருந்து வந்து பாயைப் புடைக்கச் செய்யும்போது கயிற்றைத் தளரவிட்டுச் செல்லும் தாராளமான ஓட்டம். ஒரு கப்பல் இவ்விரு நிலைகளிலும் நன்றாகச் செல்கிறது என்றால், எல்லாக் காற்றுக்கும் ஏற்றது என்று பொருள். கரையேறிய தொடர் “பொதுவாகப் பார்த்தால்” என்ற பொருளைப் பெற்றுவிட்டது.

மற்ற மொழிகளின் கடற்சொற்களிலும் இவ்வேர் தளர்த்துதலையும் விலகுதலையும் குறிக்கிறது. பிரெஞ்சில் “லார்கே” என்றால் கயிற்றை அவிழ்த்துவிடுதல். “ஓ லார்ஜ்” என்றால் கரைக்கு அப்பாலுள்ள திறந்த கடல். ஸ்பானிய மொழியில் ஒருவரைப் பார்த்து “லார்கோ!” என்று கத்தினால், அவர் உயரத்தைப் புகழ்வதாக நினைத்துவிடக் கூடாது, “இடத்தைக் காலி செய்” என்று பொருள்.

“பிக்”, “கிரேட்”, “லார்ஜ்” ஆகிய மூன்றும் ஒன்றுதானே?

மூன்றும் தமிழில் “பெரிய” ஆகிவிடுவதால் அப்படித் தோன்றுகிறது. பிறப்பால் மூன்றும் வெவ்வேறு. “கிரேட்” பழைய ஆங்கிலச் சொல். அதன் தொடக்கப்பொருள் தடித்த, கரடுமுரடான என்பது. “பிக்” 1300-ஐ ஒட்டி வட இங்கிலாந்து எழுத்துகளில் வலிமையான என்ற பொருளில் தலைகாட்டுகிறது. அதன் வேர் இன்றுவரை தீர்க்கப்படாத வழக்கு. பழைய ஆங்கிலத்தில் பெரிய உருவைக் குறிக்கப் பெரிதும் வழங்கிய “மிச்செல்” என்ற சொல்லோ இன்று “மச்” என்று தேய்ந்து, உருவ அளவிலிருந்து மிகுதிக்கு மாறிவிட்டது.

வழக்கில் உள்ள வேறுபாட்டைச் சில எடுத்துக்காட்டுகளால் காணலாம். “பிக் மிஸ்டேக்” என்பார்கள். “லார்ஜ் மிஸ்டேக்” என்று ஆங்கிலம் தாய்மொழியானவர் சொல்லமாட்டார். “பிக் பிரதர்” என்றால் அண்ணன். “லார்ஜ் பிரதர்” என்றால் உடன்பிறந்தவரின் உடம்பைப் பற்றிய பேச்சாகிவிடும். “கிரேட் மேன்” என்றால் மாமனிதர். “லார்ஜ் மேன்” என்றால் ஆஜானுபாகு. எண்ணிக்கை, தொகை, பரப்பு என அளந்து சொல்லக்கூடியவற்றோடு “லார்ஜ்” இயல்பாகச் சேரும். உணர்ச்சியோடும் மதிப்போடும் சேராது. உணர்ச்சி நிறைந்த கொடைப்பொருளில் பிறந்த சொல், இன்று மூன்றில் மிகவும் உணர்ச்சியற்றதாகிவிட்டது என்பது எனக்குச் சற்று வருத்தம் தருவதே.

சிறுகுடலைவிடப் பெருங்குடல் குட்டையானது என்கிறார்கள். பிறகு ஏன் “லார்ஜ்”?

வளர்ந்த மனிதரின் சிறுகுடல் ஏறத்தாழ 6 மீட்டர் நீளம். பெருங்குடல் சுமார் 1.5 மீட்டர்தான். நீளத்தால் பெயரிட்டிருந்தால் பெயர்கள் இடம் மாறியிருக்க வேண்டும். பெயர் வந்தது குழாயின் அகலத்தால். இங்கே “ஸ்மால்” என்பதையும் கவனிக்கலாம்: பழைய ஆங்கிலத்தில் அதற்கு மெலிந்த, ஒடுக்கமான என்ற பொருளும் இருந்தது, அதன் ஜெர்மானிய உறவான “ஷ்மால்” இன்றும் ஒடுக்கமான என்றே பொருள்படுகிறது. அகலத்தைக் குறித்த சொல்லும் ஒடுக்கத்தைக் குறித்த சொல்லும் வயிற்றுக்குள் எதிரெதிரே அமைந்துவிட்டன. தமிழின் பெருங்குடல், சிறுகுடல் என்ற பெயர்களும் பருமனையே கணக்கில் கொண்டவை.

“லார்ஜ்” என்று அச்சிட்டிருந்தால் அதற்கு நிலையான அளவு உண்டா?

பொருளைப் பொறுத்து உண்டு, நாட்டைப் பொறுத்து மாறும். முட்டை நல்ல சான்று. ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி 63 கிராமிலிருந்து 73 கிராமுக்குள் இருக்கும் முட்டையே லார்ஜ். 53 முதல் 63 கிராமுக்குள் இருப்பது மீடியம். அமெரிக்காவில் முட்டையைத் தனித்தனியாக நிறுக்காமல் டஜனாகக் கணக்கிடுகிறார்கள்: ஒரு டஜன் குறைந்தது 24 அவுன்ஸ், அதாவது சுமார் 680 கிராம் இருந்தால் லார்ஜ். பன்னிரண்டால் வகுத்தால் ஒரு முட்டைக்குச் சராசரி 57 கிராம் வருகிறது. ஆக, அமெரிக்க அட்டையில் லார்ஜ் என்ற முட்டை அட்லாண்டிக்கைக் கடந்ததும் மீடியமாகிவிடக்கூடும். அமெரிக்கச் சமையல் குறிப்பில் “நான்கு லார்ஜ் முட்டை” என்றிருப்பதை ஐரோப்பிய லார்ஜ் முட்டைகளால் செய்பவருக்கு மாவு நெகிழ்ந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆடைகளில் இந்த ஒழுங்குகூடக் கிடையாது. தர அளவுகள் இருந்தாலும், அவற்றைப் பின்பற்றுவதில் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபாடு இருப்பதால், எழுத்தை நம்பாமல் மார்புச் சுற்றளவைப் பார்த்து வாங்குவதே நல்லது.

வானியலாளர்கள் “வெரி லார்ஜ்” என்றெல்லாம் பெயர் வைப்பது ஏன்?

“லார்ஜ்” தனியே நின்றால் வியப்பூட்டும் வலுவை இழந்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. சிலி நாட்டின் பரனால் மலையில் 8.2 மீட்டர் ஆடி கொண்ட நான்கு முதன்மைத் தொலைநோக்கிகளின் தொகுதிக்கு “வெரி லார்ஜ் டெலஸ்கோப்” என்று பெயர். அதன் அருகே 39 மீட்டர் ஆடியோடு அமையும் அடுத்த தொலைநோக்கி “எக்ஸ்ட்ரீம்லி லார்ஜ்”. 100 மீட்டர் ஆடியோடு திட்டமிடப்பட்டுக் கைவிடப்பட்ட ஒன்றின் பெயர் “ஓவர்வெல்மிங்லி லார்ஜ்”. மிகப்பெரியது, மிகமிகப்பெரியது, மலைக்கவைக்கும் அளவுக்குப் பெரியது என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள்.

ஜெனீவாவுக்கு அருகே 27 கி.மீ. சுற்றளவுள்ள நிலத்தடி வளையத்தில் 2008-இல் இயங்கத் தொடங்கிய “லார்ஜ் ஹாட்ரான் கொலைடர்” பெயரில் ஒரு பொருள்மயக்கம் உண்டு. பெரியது மோதுவிப்பானே தவிர, அதில் மோதவிடப்படும் ஹாட்ரான் (புரோட்டான் போன்ற நுண்துகள்) அன்று. தமிழில் “பெரிய ஹாட்ரான் மோதுவிப்பான்” என்றால் மயக்கம் அப்படியே தங்கிவிடுகிறது; “ஹாட்ரான் பெருமோதுவிப்பான்” என்று அடையை உரிய இடத்துக்கு நகர்த்தினால் தெளிவாகிவிடும்.

கணிதத்தில் வரும் “பெரிய எண்களின் விதி” சரியான மொழிபெயர்ப்பா?

ஓரளவுக்குத்தான். அவ்விதியின் முதல் நிறுவலைத் தந்தவர் யாக்கோப் பெர்னூலி. அவர் இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து 1713-இல் அது அச்சானது. பெயரிட்டவர் பிரெஞ்சுக் கணிதவியலாளர் புவாசோன், 1830-களில். அவர் எடுத்தாண்டது “கிராண்ட்” என்பதன் பிரெஞ்சுப் பன்மை வடிவம். ஆங்கிலத்தில்தான் அது “லார்ஜ்” ஆயிற்று. நாணயத்தைச் சுண்டும் எண்ணிக்கை மிகுந்துகொண்டே போனால் தலை விழும் விகிதம் பாதியை நெருங்கும் என்பதே அதன் எளிய வடிவம். பேசப்படுவது பெரிய எண்களின் இயல்பு அன்று, முயற்சிகளின் மிகுதி. “பேரெண்ணிக்கை விதி” என்றால் கருத்துக்கு நெருக்கமாக இருக்கும்.

லார்வா, லார்ட் போன்ற சொற்களும் இதே வேரிலிருந்து வந்தவையா?

இல்லை, ஒலி ஒப்புமை மட்டுமே. பூச்சியின் புழுப்பருவத்தைக் குறிக்கும் “லார்வா” இலத்தீனில் பேய் என்றும் முகமூடி என்றும் பொருள்பட்ட சொல். பன்றிக்கொழுப்பைக் குறிக்கும் “லார்ட்” இலத்தீன் “லார்தும்” என்பதன் வழிவந்தது. ஆங்கிலப் பிரபுக்களின் “லார்ட்” இன்னும் தொலைவானது: “ரொட்டியைக் காப்பவன்” என்ற பழைய ஆங்கிலக் கூட்டுச்சொல்லின் தேய்வு அது. கொடுப்பவனுக்கு ஒரு சொல் இலத்தீனிலிருந்து வருமுன்பே, காத்து வைத்திருப்பவனுக்கு ஆங்கிலத்தில் சொந்தச் சொல் இருந்தது.